நிற்கும் விமானத்துக்கும் வாடகை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஸ்ரீலங்கன் விமான சேவையை இழுத்து மூடிவிட்டு, அதற்குக் கொட்டும் காசில் மலையகத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போடுங்கள் என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. 2022 மே மாதம் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தொலைக்காட்சியில் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2020/21 நிதியாண்டில் மட்டும் நட்டம் 45 பில்லியன் ரூபா என்றார். விமானத்தில் ஒருநாளும் கால் வைக்காத ஏழையும் இந்த நட்டத்தைச் சுமக்கிறான் என்றார். அதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் 31 வருடம் விமானப் பராமரிப்பில் வேலை செய்து 2012 இல் ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். இப்போதுதான் பேனா எடுக்கிறேன்.

மூடு, வில், வைத்திரு என்று மூன்று கட்சியாகப் பிரிந்து நின்று எல்லோரும் கதைக்கிறார்கள். விமானம் எப்படி உழைக்கிறது, எப்படி நட்டப்படுகிறது என்று கதைப்பவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் சொல்கிறேன்.

நான் வசாவிளானில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் பலாலி ஓடுபாதைக்குப் பக்கத்து ஊர். எயார் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையிலிருந்து வந்து இறங்கும்போது புகையிலைத் தோட்டத்துக்குள் நின்று அண்ணாந்து பார்ப்போம். அப்பா அதற்கும் முந்திய காலத்துக் கதை சொல்வார். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் டகோட்டா இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. நாட்டின் தேசிய விமான சேவை முதல் நாளே எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டுத்தான் கடல் தாண்டியது என்பதில் அப்பாவுக்குப் பெருமை. எயார் சிலோன் 70களின் கடைசியில் கடனோடு படுத்தது. 1979 செப்டம்பரில் எயார் லங்கா, அதாவது இன்றைய ஸ்ரீலங்கன், பறக்கத் தொடங்கியது. 1981 இல் நான் அங்கே பயிலுநராகச் சேர்ந்தேன்.

அது டிரைஸ்டார் விமானங்களின் காலம். இரண்டு எஞ்சின் இறக்கைகளின் கீழ், மூன்றாவது வாலில். வால் எஞ்சினுக்குப் போவதென்றால் மூன்று மாடி வீட்டுக் கூரையில் ஏறி நிற்கிற மாதிரி. ஒரு ஒக்டோபர் இரவு, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்க, என் போர்மன் என்னை அங்கே ஏற்றிவிட்டு ஓர் ஆணிக்குச் சேஃப்டி வயர் கட்டச் சொன்னார். தையல் நூலை விடக் கொஞ்சம் தடித்த கம்பி. இரண்டு ஆணிகளின் தலையில் உள்ள துளைகளுக்குள் விட்டு, முறுக்கி, ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். எஞ்சின் அதிர அதிர ஆணி கழன்றுவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். நான் கட்டினேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கத்தரியால் வெட்டிவிட்டார். திரும்பக் கட்டினேன். திரும்பவும் வெட்டினார். மூன்றாம் முறை வெட்டிய பிறகுதான் வாய் திறந்தார்: "மல்லி (தம்பி), கம்பி ஆணியை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். நீ கழற்றும் பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறாய். இதற்குக் கட்டாமலே விட்டிருக்கலாம்." அந்த விமானம் விடியற்காலை நேரத்துக்குப் புறப்பட்டது. கைவிரல் எல்லாம் கம்பி கீறிய காயம். அவர் எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். அந்த மனிதருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது, அப்போது எனக்கு அரைகுறைச் சிங்களம். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பி வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் எங்கள் மண்டைக்குள் அடித்து இறக்கப்பட்ட பாடம் ஒன்றே ஒன்று: விமானம் விடியும்போது பறக்க வேண்டும். தரையில் நிற்கிற விமானத்தை ஏ.ஓ.ஜி. என்போம். அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் ஸ்டோர்ஸ்காரர் முதல் முகாமையாளர் வரை ஓடுவார்கள். ஏனென்றால் குத்தகைக்கு எடுத்த விமானத்துக்கு மாதம் பிறந்தால் டொலரில் வாடகை கட்ட வேண்டும். அது பறந்ததா நின்றதா என்று சொந்தக்காரன் கேட்க மாட்டான். காப்புறுதியும் அப்படித்தான். நிற்கிற விமானத்துக்கு வேலையும் குறையாது. எஞ்சின் வாய்க்குச் சிவப்பு மூடி போட வேண்டும், பறவை கூடு கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடாமல் சில்லுகளைச் சில நாட்களுக்கு ஒரு தரம் உருட்டி வைக்க வேண்டும். உழைப்பு இல்லாத பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் போடுகிற மாதிரி.

2024 பெப்ரவரியில் லாகூரிலிருந்து வந்த ஓர் ஏ330 விமானத்துக்குள் எலி புகுந்து மூன்று நாள் நிறுத்தி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலி வயரைக் கடித்ததா இல்லையா என்று நிச்சயப்படுத்தாமல் விமானத்தை விட முடியாது, அதைச் செய்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். என் மனதை உறுத்தியது அந்தச் செய்தியின் கடைசி வரி. 23 விமானங்களில் மூன்று ஒரு வருடத்துக்கு மேலாகத் தரையிலேயே நிற்கின்றன, எஞ்சின்களைக் கட்டாயப் பழுதுபார்ப்புக்கு அனுப்ப வெளிநாட்டுச் செலாவணி இல்லை என்று இருந்தது. அதாவது ஓர் எலியால் ஒரு விமானம் நின்றால் அதன் இடத்துக்கு விட வேறு விமானம் இல்லை. ஒன்றின் தாமதம் அடுத்ததற்கு, அடுத்ததன் தாமதம் அதற்கடுத்ததற்கு என்று மூன்று நாளும் அட்டவணை குலைந்தது. எலி போய்விட்டது. அந்த மூன்று விமானங்களின் கதை யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

எஞ்சினை எங்கள் ஊரில் முழுதாகப் பிரித்துப் பூட்ட முடியாதா என்று சிலர் கேட்பார்கள். ஏ330க்குப் பூட்டியிருக்கும் ட்ரென்ட் 700 மாதிரியான எஞ்சினை சிங்கப்பூர், ஹொங்கொங் போன்ற இடங்களில் உள்ள பெரிய வேலைத்தளங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். போய்த் திரும்பி வர மாதக்கணக்காகும், செலவு மில்லியன் டொலர் கணக்கில். எஞ்சினின் ஆயுளைப் பறந்த மணித்தியாலத்தால் மட்டும் கணக்கிடுவதில்லை, எத்தனை தரம் ஏறி இறங்கியது என்றும் எண்ணுவார்கள். ஒரு ஏற்றம் இறக்கம் சேர்ந்தால் ஒரு சைக்கிள். லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம் பறந்தாலும் ஒரு சைக்கிள்தான். சென்னைக்கு ஒன்றே கால் மணித்தியாலம் பறந்தாலும் ஒரு சைக்கிள்தான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சில முடிவுகளைத் திரும்பிப் பாருங்கள். 2013 மார்ச்சில் தெற்கே மத்தளை விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவு 209 மில்லியன் டொலர், அதில் 190 மில்லியன் சீனக் கடன். திறந்ததை நியாயப்படுத்த வேண்டும் என்பதற்காகத் தேசிய விமான சேவையை அங்கே இறங்கி ஏறச் செய்தார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சைக்கிள், பிரேக், டயர், எரிபொருள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் அது நின்றது. அப்புறம் 2022. கட்டுநாயக்கவில் விமான எரிபொருளே தட்டுப்பாடு. நீண்டதூர விமானங்கள் சில சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. பயணிகளுக்கு இரண்டு மணித்தியாலத் தாமதம் என்றுதான் பத்திரிகையில் வந்தது. முழுப் பாரத்தோடு இன்னொரு தரம் இறங்கி ஏறுவது என்றால் என்ன என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

மூடச் சொல்கிற வாசகர் ஊழியர்கள் அதிகம் என்றும் எழுதியிருந்தார். அதிகம்தான். ஒவ்வொரு ஆட்சியிலும் சிபாரிசுக் கடிதத்தோடு வந்து சேர்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நெருக்கடி வந்ததும் விட்டுப் போனவர்கள் அவர்கள் அல்ல. 2022 க்குப் பிறகு விமானிகளும் உரிமம் பெற்ற பொறியியலாளர்களும்தான் வளைகுடாவுக்கும் மற்ற இடங்களுக்கும் போனார்கள். அப்படி ஒருவரை உருவாக்கப் பல வருடம் பிடிக்கும். அவர் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. ஆட்குறைப்பு என்று பொதுவாகச் சொன்னால், கழிய வேண்டியவர்கள் இருக்க, இருக்க வேண்டியவர்கள் கழிந்துவிடுவார்கள்.

அரசாங்கம் கையில் வைத்திருந்தால் அழியும், தனியாரிடம் கொடுத்தால் பிழைக்கும் என்பதற்கு எல்லோரும் எமிரேட்ஸ் காலத்தைக் காட்டுகிறார்கள். 1998 இல் அவர்கள் 70 மில்லியன் டொலருக்கு 40 வீதப் பங்கை வாங்கி, பத்து வருட முகாமைத்துவத்தையும் எடுத்தார்கள். அடுத்த வருடம் எயார் லங்கா என்ற பெயரும் ஸ்ரீலங்கன் என்று மாறியது. எமிரேட்ஸ் தர்மத்துக்கு வரவில்லை. எங்கள் பயணிகளை டுபாய்க்கு இழுத்ததில் அவர்களுக்கு லாபம் இருந்தது. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு பழக்கத்தைக் கண்டேன்: எந்த விமானம் எங்கே போக வேண்டும் என்பதைக் கணக்குப் பார்த்துத் தீர்மானித்தார்கள். 2001 ஜூலை 24 இல் கட்டுநாயக்கவில் புலிகள் நடத்திய தாக்குதலில் பன்னிரண்டு விமானங்களில் பாதி எரிந்தோ சேதமாகியோ போனது. அடுத்த நாட்களில் ஓடுபாதை ஓரமெங்கும் நுரையும் கரியும். ஒரு தமிழனாக அந்த வாசலால் உள்ளே நடந்த காலையை நான் இன்னும் மறக்கவில்லை. மிஞ்சிய விமானங்களை வைத்துச் சேவையைச் சுருக்கி, ஒன்றைக்கூடச் சும்மா நிறுத்தாமல் ஓட்டினோம். பாதி விமானத்தோடு எழும்பிய நிறுவனம் இது.

அந்தப் பழக்கம் எப்படிப் போனது என்பதும் ஊரறிந்த கதைதான். 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தில், காசு கட்டிய பயணிகளை இறக்கிவிட்டு ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு ஆசனம் கொடுக்க மறுத்ததற்காகத் தலைமை நிர்வாகியின் வேலை அனுமதி ரத்தானது. 2008 இல் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. 2010 இல் எமிரேட்ஸின் பங்கை 53 மில்லியன் டொலர் கொடுத்து அரசாங்கம் திருப்பி வாங்கியது. இடையில் மிஹின் லங்கா என்று இன்னொரு விமான சேவையைத் தொடங்கி, அதன் சுமையும் 2016 இல் இதன் தலையில் வந்து விழுந்தது. 2013 இல் எயார்பஸ்ஸிடம் ஆறு ஏ330, நான்கு ஏ350 என்று பெரிய கொள்வனவு. ஏ350 வேண்டாம் என்று பின்னர் ரத்துச் செய்ததற்குத் தண்டம் கட்டினோம். அந்தக் கொள்வனவில் லஞ்சம் இருந்தது என்பதை 2020 ஜனவரியில் எயார்பஸ்ஸே லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது: நிர்வாகி ஒருவரின் மனைவியின் நிறுவனத்துக்கு இரண்டு மில்லியன் டொலர் போயிருக்கிறது. இவற்றில் எந்த முடிவை எடுக்கும்போதாவது, விமானம் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பறக்கும் என்று யாரும் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

சரி, மூடினால் என்ன ஆகும்? இங்கேதான் அந்த வாசகரோடு நான் ஒத்துப்போக முடியாமல் இருக்கிறது. கட்டுநாயக்கவில் இறங்கும் மற்ற நாட்டு விமானங்களின் பெட்டி இறக்குவது முதல் தரைப்பணி முழுவதையும் செய்வது ஸ்ரீலங்கன்தான். சாப்பாடு ஏற்றுவது அதன் துணை நிறுவனம். இந்த இரண்டிலும் காசு வருகிறது. பறக்கிற பக்கத்தில் போகிற காசை இதுதான் கொஞ்சமாவது மூடி மறைக்கிறது. விமான சேவை வேறு, விமான நிலையம் வேறு என்று கடதாசியில் பிரித்திருந்தாலும், நடைமுறையில் இரண்டும் ஒரே குடும்பம். மாலைதீவு ஒரு பக்கம், சென்னை, திருச்சி, மதுரை, கொச்சி, திருவனந்தபுரம் ஒரு பக்கம். திருச்சியில் ஏறுகிறவர் கட்டுநாயக்கவில் மாறி மெல்பேர்ன் போகலாம். இப்படி மாறிப்போகிறவர்களால்தான் ஒரு விமான நிலையம் நடுச்சந்தி ஆகிறது. அதற்கு விமானங்கள் ஒரு அலையாக வந்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் அடுத்த அலையாகப் போக வேண்டும். ஒன்று பிந்தினால் சந்தியே அடைபட்டுவிடும்.

சந்தியின் நிலைமையையும் பாருங்கள். கட்டுநாயக்கவுக்கு ஓடுபாதை ஒன்றுதான். 2017 இல் அதைத் திருத்துவதற்கு ஜனவரி 6 முதல் ஏப்ரல் 6 வரை ஒவ்வொரு நாளும் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை மூடினார்கள், பகலில் நாடே மூடிய மாதிரி. முனையக் கட்டடம் வருடத்துக்கு 60 இலட்சம் பேருக்கென்று கட்டியது. 2018 இலேயே ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. விமான நிலையம் மொத்தமாக வருடத்துக்கு ஒன்றரைக் கோடி பேரைத் தாங்கும்படி ஜப்பான் கடனில் இரண்டாவது முனையத்தை 2020 நவம்பரில் தொடங்கினார்கள். 2022 இல் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்ததும் அந்த வேலை நின்றது. கடன் கொடுத்த நாடுகளோடு 2024 ஜூனில் உடன்பாடு வந்துவிட்டது. விமான சேவையை யார் நடத்தினாலும் சரி, நாளைக்கே மூடினாலும் சரி, அந்தக் கட்டடம் தேவை. அதை முதலில் முடியுங்கள் என்பதில் கட்சி பிரிய என்ன இருக்கிறது?

விற்பனைக் கதை வந்து போய்விட்டது. 2024 இல் ஆறு விண்ணப்பங்கள் வந்தன, புதிய அரசாங்கம் அதைக் கைவிட்டு, தானே நிமிர்த்துவதாகச் சொல்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கடனுக்கென்று 20 பில்லியன் ரூபா ஒதுக்கியது. அரசாங்க உத்தரவாதத்தோடு எடுத்த 175 மில்லியன் டொலர் பிணைமுறியை 2024 ஜூனில் கட்ட முடியாமல் போனதையும் மறக்கவில்லை. கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய கடனுக்கு மட்டும் காசு ஊற்றிவிட்டு எஞ்சினுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காவிட்டால், நிற்கிற விமானம் புதுக் கடனைப் பெற்றுத் தரும். அடுத்த வருடம் இன்னொரு 20 பில்லியன் கேட்டு வருவார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பலாலிக்கு 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோ சென்னையிலிருந்து வருகிறது, அதற்கு முன்பிருந்தே அலையன்ஸ் எயார் வந்தது. எங்கள் நாட்டு விமானம் ஏன் வருவதில்லை என்று கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். இந்த ஓடுபாதைக்கு ஏற்ற சிறிய விமானம் ஸ்ரீலங்கனிடம் இல்லை, இருப்பதெல்லாம் ஏ320உம் அதற்கு மேலும். முதல் டகோட்டா இறங்கிய மண்ணில் பிறந்தவன் நான். இருந்தும், உணர்ச்சிக்காக ஒரு சிறிய விமானத்தைக் குத்தகைக்கு எடுங்கள் என்று கேட்க மாட்டேன். கணக்குப் பார்க்கச் சொல்லித்தான் கேட்பேன். கனடாவுக்குப் போகும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம், இரவு முழுக்க வான் வண்டியில் எட்டு மணித்தியாலம் இருந்து கட்டுநாயக்கவுக்குப் போவதற்குப் பதிலாகப் பலாலியால் சென்னைக்குப் போய் அங்கிருந்து ஏறினால், கட்டுநாயக்க இழப்பது எத்தனை டிக்கெட்? அந்தக் கணக்கு ஒரு தரம் போடப்பட்டதா? போட்டு நட்டம் என்று வந்தால் நான் வாய் மூடிக்கொள்வேன்.

கடைசியாக அமைச்சருக்கு ஒரு கோரிக்கை. எங்கள் ஹங்கர் (விமானக் கொட்டகை) சுவரில் ஒரு பலகை இருந்தது. நான்கு நிரல்கள்: விமானத்தின் இலக்கம், என்ன பழுது, எந்தப் பாகத்துக்குக் காத்திருக்கிறது, எப்போது பறக்கும். பயிலுநர் முதல் பெரியவர் வரை உள்ளே வருகிற எவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இப்போது காசு கட்டுவது நாட்டு மக்கள். ஆகவே அந்தப் பலகையை மக்களுக்கும் காட்டுங்கள். மாதம் ஒரு தடவை, ஒரு பக்கத்தில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போடுங்கள்: எத்தனை விமானம் நிற்கிறது, எத்தனை நாளாக, எதற்காக, அதற்குக் கட்டிய வாடகை எவ்வளவு. எந்தத் தடத்தில் உழைப்பு, எந்தத் தடத்தில் நட்டம் என்றும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தங்கள் பத்திரிகை அதை மாதாமாதம் கேட்டு வாங்கி வெளியிட்டால், முதல் ஆளாக நான் வாங்கி வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்,
வத்தளை.